நிலையம் முன்னே, வழி பின்னே: பாரிமுனையிலிருந்து கிளாம்பாக்கம் வரை

காயல்பட்டினம், கீழக்கரை, மேலப்பாளையம், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து சென்னைக்குப் பயணம் புறப்படும் குடும்பங்களில், சீட்டு எடுப்பதற்கு முன்பே இப்போது ஒரு கேள்வி எழுகிறது: "எங்கே இறங்குவது?" கிளாம்பாக்கத்தில் இறங்குவதா, பெருங்களத்தூரிலேயே இறங்கி மின்சார ரயிலைப் பிடிப்பதா, விடியற்காலையில் அங்கிருந்து மண்ணடிக்கோ பெரம்பூருக்கோ எப்படிப் போய்ச் சேர்வது, மூட்டை முடிச்சுகளோடு வரும் பெரியவர்களை யார் போய் அழைத்து வருவது என்று பேச்சு நீளும். கால் நூற்றாண்டுக்கு முன்னர் இந்தக் கேள்விக்கு விடை மிக எளிது. சென்னை என்றால் பாரிமுனை. அங்கே இறங்கினால் போதும்.

சென்னையின் வெளியூர்ப் பேருந்து நிலையம் 21 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை இடம்பெயர்ந்திருக்கிறது. 2002-இல் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்குச் சென்றது. 2023-இன் இறுதியில் கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்குச் சென்றது. இரண்டு முறையும் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. இரண்டு முறையும் அரசு தன் முடிவில் நின்றது. இந்த வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகத் திரும்பிப் பார்த்தால், இடமாற்றத்துக்கான காரணங்கள் வலுவானவை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதே நேரத்தில், இரண்டு முறையும் ஒரே குறை நிகழ்ந்திருப்பதும் புலப்படும். நிலையம் முதலில் வந்தது. அங்கே சென்று சேரும் வழி பல ஆண்டுகள் கழித்தே வந்தது. அந்த இடைவெளியின் சுமையைச் சுமந்தவர்கள் பயணிகள். அவர்களிலும் குறிப்பாக ஏழைகளும் முதியவர்களும் நோயாளிகளும்.

எல்லாம் அருகே இருந்த காலம்

பாரிமுனைக்குப் பெயர் தந்தவர் 1788-இல் சென்னைக்கு வந்து வணிகம் தொடங்கிய தாமஸ் பாரி. அவர் நிறுவிய வணிக நிறுவனத்தின் தலைமையகமாக 1940-இல் எழுந்த டேர் ஹவுஸ் கட்டடம் இன்றும் அந்த முனையில் நிற்கிறது. எதிரே 1892-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கட்டடம்; கிழக்கே துறைமுகமும் கடற்கரை ரயில் நிலையமும்; வடக்கே பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்டீபன் பாப்ஹாம் என்பவரின் பெயரால் வழங்கிய பிராட்வே என்னும் அகன்ற தெரு. அத்தெரு பின்னாளில் பிரகாசம் சாலை என்று பெயர் மாற்றம் பெற்றபோதும், மக்கள் நாவில் பிராட்வே என்பதே நிலைத்தது.

இந்த வட்டாரத்தோடு தமிழ் முஸ்லிம்களுக்கு இருக்கும் உறவு பழமையானது. மண்ணடியில் உள்ள மூர் தெருவின் பெயரே அதற்குச் சான்று. ஐரோப்பியர் முஸ்லிம்களை அழைத்த சொல் அது. அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜித் மஃமூர், சுற்றிலும் கடலோர ஊர்களிலிருந்து வந்து தொழில் செய்தவர்களின் கடைகள், அலுவலகங்கள், தங்குமிடங்கள், உணவகங்கள். ஊரிலிருந்து இரவில் புறப்பட்டு வைகறையில் பாரிமுனையில் இறங்கியவர், பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே பள்ளிவாசலை அடைந்து ஃபஜ்ர் தொழுகைக்கு நிற்க முடிந்தது. வழக்குக்காக வந்தவருக்கு உயர் நீதிமன்றம் சாலையைக் கடந்தால் வந்துவிடும். மருத்துவத்துக்காக வந்தவருக்கு, 1664-இல் தன் வரலாற்றைத் தொடங்கிய பொது மருத்துவமனை, அதாவது இன்றைய ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஒரு சிறிய பயணத் தொலைவு. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஸ்டான்லி மருத்துவமனையும் அப்படியே.

நகருக்குள் செல்வதற்கான வழிகளும் அங்கேயே கூடின. 1895-இல் சென்னையில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. டிராம் நிறுவனம் நட்டத்தில் மூழ்கி 1953 ஏப்ரலில் சேவையை நிறுத்தியது. ஆயினும் அதற்கு முன்பே, 1947-இல், அரசு தன் பேருந்துகளை நகரில் இயக்கத் தொடங்கியிருந்ததால் மக்கள் முழுவதுமாகக் கைவிடப்படவில்லை. 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. அதன் விரைவுப் பேருந்துப் பிரிவு 1980-இல் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் என்று தனியே பிரிந்தது. 1997-இல் போக்குவரத்துக் கழகங்களுக்குச் சூட்டப்பட்டிருந்த தலைவர்கள் பெயர்களை அரசு நீக்கியபோது அதுவே அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. எனினும் நம் மூத்தோர் பலருக்கு இன்றும் அது 'திருவள்ளுவர் பஸ்' தான்.

இவ்வாறு நெடுந்தூரப் பேருந்து, நகரப் பேருந்து, மின்சார ரயில், கடைத்தெரு, நீதிமன்றம், மருத்துவமனை யாவும் நடக்கும் தொலைவிலோ ஒரே பேருந்துத் தொலைவிலோ அமைந்திருந்தன. எந்தத் திட்டக்குழுவும் வரைந்து அமைத்த ஏற்பாடு அன்று அது. துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்த ஒரு பழைய நகரம் தானாகப் பெற்றிருந்த வசதி.

நெரிசல் என்னும் நியாயமான குறை

அந்த வசதியின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. ஜார்ஜ் டவுனின் தெருக்கள் மாட்டு வண்டிகளும் கைவண்டிகளும் சென்ற காலத்தவை. அவற்றுக்குள் வெளியூர்ப் பேருந்துகள், சரக்கு லாரிகள், கொத்தவால் சாவடிக்குக் காய்கறி ஏற்றி வரும் வண்டிகள் எல்லாம் நுழைந்தன. பேருந்துகள் நின்ற இடம் குறுகியது. பயணிகள் வெயிலிலும் மழையிலும் சாலையோரத்தில் நின்றனர். பெண்களுக்கான கழிப்பிட வசதி போதாமல் இருந்தது. திருட்டும் ஏமாற்றும் மிகுந்திருந்தன. நெரிசலில் சிக்கிய பேருந்து நகர எல்லையைத் தாண்டவே நெடுநேரம் பிடித்தது.

எழுபதுகளில் உருவான சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மொத்த வணிகச் சந்தைகளையும் பேருந்து, லாரி முனையங்களையும் ஜார்ஜ் டவுனிலிருந்து வெளியே கொண்டுசெல்ல வேண்டும் என்பதைத் தன் திட்டங்களில் ஒன்றாகக் கொண்டது. அதன்படி கோயம்பேட்டில் நிலம் எடுக்கப்பட்டது. 1996-இல் கொத்தவால் சாவடியின் மொத்த வணிகம் அங்கே சென்றது. அதற்குப் பக்கத்திலேயே புறநகர்ப் பேருந்து நிலையம் எழுந்தது. அடிக்கல் 1999-இல் முதலமைச்சர் கருணாநிதி காலத்தில் நாட்டப்பட்டது. 2002 நவம்பர் 18 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா திறந்துவைத்தார்.

இந்த இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்துக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. கிளாம்பாக்கத்தின் கதையும் இதே போன்றதுதான். 2019-இல் முதலமைச்சர் பழனிசாமி காலத்தில் அடிக்கல். 2023 டிசம்பர் 30 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் கையால் திறப்பு. ஒரு கட்சி தொடங்கியதை எதிர்க்கட்சி முடித்துவைத்த நிகழ்வு இரண்டு முறை நடந்திருக்கிறது. ஆகவே, இதைக் கட்சிச் சண்டையாக்கிப் பேசுவோர் பேசட்டும். நிறைக்கும் குறைக்கும் இரு தரப்பும் பங்குதாரர்களே. குறை, நம் நகரங்கள் திட்டமிடப்படும் முறையில் இருக்கிறது.

கோயம்பேடு: பதினாறு ஆண்டுக் காத்திருப்பு

கோயம்பேட்டில் அகன்ற நடைமேடைகள், ஊர் வாரியாகப் பிரிக்கப்பட்ட பேருந்து வரிசைகள், காத்திருக்கும் கூடங்கள், நகரப் பேருந்துகளுக்குத் தனி இடம் என்று பாரிமுனையில் காண முடியாதவை யாவும் இருந்தன. நிலையத்துக்குள் வந்து சேர்ந்தவருக்கு அது முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் நிலையத்தைவிட்டு வெளியே வந்தவருக்கு? பாரிமுனையிலிருந்து கோயம்பேடு சுமார் 10 கிலோமீட்டர். முன்னர் நடந்து சென்ற தொலைவுக்கு இப்போது இன்னொரு வண்டி தேவைப்பட்டது. நகரப் பேருந்துகள் இருந்தன. எனினும் பெட்டிகளோடும் குழந்தைகளோடும் இறங்கியவர் நெரிசல் மிக்க நகரப் பேருந்தில் ஏற இயலாமல் ஆட்டோவைத் தேடினார். அதற்குக் கொடுத்த பணம், சில வேளைகளில், ஊரிலிருந்து வந்த பயணக் கட்டணத்துக்கு நிகராகவே இருந்தது. அருகில் ரயில் நிலையம் ஏதும் இல்லை.

அந்தக் குறை எப்போது தீர்ந்தது என்பதைத்தான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். சென்னை மெட்ரோவின் முதல் தடம், கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை, 2015 ஜூன் 29 அன்று திறக்கப்பட்டது. பேருந்து நிலையத்தின் வாசலிலேயே ஒரு மெட்ரோ நிலையம் கிடைத்தது. நிலையம் திறந்து அப்போது 12 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. அத்தடம் 2018 மே மாதம் சென்ட்ரலை எட்டியது. 2019 பிப்ரவரி 10 அன்று உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை நிலையங்கள் திறக்கப்பட்டன. அன்றுதான், கோயம்பேட்டில் இறங்கிய பயணி ஒருவர் சென்ட்ரலில் தடம் மாறி, சாலை நெரிசலைத் தொடாமல், மண்ணடிக்கு ரயிலிலேயே வந்து சேரும் நிலை உருவானது. பாரிமுனையிலிருந்து பறிபோன வசதி, ஏறத்தாழ பதினாறு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் கழித்து, வேறு உருவில் திரும்பி வந்தது.

அதே 2019 பிப்ரவரி மாதத்தில்தான் கிளாம்பாக்கத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இதில் யாருடைய உள்நோக்கத்தையும் தேட வேண்டியதில்லை. மெட்ரோவைக் கட்டியது ஒரு நிறுவனம். பேருந்து முனையத்தைக் கட்டியது மற்றொரு அமைப்பு. பேருந்தை இயக்குவது மூன்றாவது துறை. புறநகர் ரயிலை இயக்குவது மத்திய அரசின் கீழ் உள்ள ரயில்வே. ஒவ்வொன்றும் தன் பணியைத் தன் கால அட்டவணைப்படி செய்தது. இவையனைத்தையும் ஒருங்கே பார்க்க ஒரு கண் இல்லை. அப்படி ஒரு கண் வேண்டும் என்றுதான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-இல் சட்டம் இயற்றப்பட்டது. அக்குழுமத்தின் முதல் கூட்டம் நடந்ததோ 2022-இல். இடையில் ஓடிய 12 ஆண்டுகளில் மெட்ரோவும் வந்தது, கிளாம்பாக்கமும் பெரும்பகுதி எழுந்துவிட்டது.

கிளாம்பாக்கம்: வழக்கும் வாதமும்

கோயம்பேடும் தன் பங்குக்கு நிரம்பியது. தீபாவளி, பொங்கல், தொடர் விடுமுறை நாட்களில் நகரமே ஊர் திரும்பும்போது, கோயம்பேட்டிலிருந்து புறப்பட்ட பேருந்துகள் கத்திப்பாரா, பல்லாவரம், தாம்பரம், பெருங்களத்தூர் என ஜி.எஸ்.டி சாலை முழுதும் ஊர்ந்து சென்றன. நகரைக் கடப்பதிலேயே சில மணி நேரம் போயிற்று. ஆந்திரம் செல்லும் பேருந்துகள் 2018-இல் மாதவரத்துக்கு மாற்றப்பட்டன. பண்டிகைக் காலங்களில் தாம்பரம், பூந்தமல்லி, கே.கே. நகர் போன்ற இடங்களிலிருந்து தனித்தனியே பேருந்துகள் இயக்கப்பட்டன. தென்மாவட்டப் பேருந்துகள் தெற்கிலிருந்தே புறப்பட வேண்டும் என்ற கருத்து அந்த அனுபவத்திலிருந்துதான் வலுப்பெற்றது.

வண்டலூரை அடுத்துள்ள கிளாம்பாக்கத்தில், ஏறத்தாழ 88 ஏக்கர் நிலத்தில், சுமார் 400 கோடி ரூபாய்ச் செலவில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் கட்டப்பட்டது. கோயம்பேட்டைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு. தாய்மார்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தேவையான வசதிகள், தங்கும் அறைகள், உணவகங்கள், மருந்தகம் எனக் கட்டடத்தின் உள்ளே குறை சொல்ல அதிகம் இல்லை.

இம்முறையும் சிக்கல் வாசலுக்கு வெளியேதான் இருந்தது. கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பாரிமுனையிலிருந்து 35 கிலோமீட்டருக்கும் மேல். முனையத்தின் அருகிலேயே கடற்கரை–செங்கல்பட்டு ரயில் தடம் செல்கிறது. அத்தடத்தில் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே ஒரு புதிய நிலையமும், அங்கிருந்து சாலையைக் கடந்து முனையத்துக்குள் செல்ல ஒரு நடைமேம்பாலமும் அமைக்கத் திட்டம் இருந்தது. முனையம் திறந்த நாளில் அந்த ரயில் நிலையம் இல்லை, மேம்பாலமும் இல்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்பு அன்று தாளில் இருந்த திட்டம். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் நகரத்தில், தண்டவாளத்தை ஒட்டிக் கட்டிய ஒரு மாபெரும் முனையத்தைத் தண்டவாளத்தோடு இணைக்காமலேயே திறந்தார்கள்.

2023 டிசம்பர் இறுதியில் அரசு விரைவுப் பேருந்துகளும், 2024 ஜனவரி இறுதியில் மற்ற அரசுப் பேருந்துகள் பெரும்பாலானவையும் அங்கே மாறின. ஆம்னிப் பேருந்துகளும் ஜனவரி 24 முதல் அங்கிருந்தே இயங்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறை அறிவித்தபோது, உரிமையாளர்கள் மறுத்தனர். பேருந்துகளை நிறுத்திவைக்கவும் பராமரிக்கவும் அங்கே போதிய இடம் இல்லை என்பது அவர்கள் வாதம். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. கோயம்பேட்டில் உள்ள தங்கள் பணிமனைகளிலும் போரூர், சூரப்பட்டுச் சுங்கச்சாவடிகளிலும் பயணிகளை ஏற்றி இறக்கலாம் என்று பிப்ரவரியில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்தது. அதே பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில், ஊருக்குச் செல்லப் போதிய பேருந்து இல்லை என்று பயணிகள் கிளாம்பாக்கத்தில் சாலை மறியலில் இறங்கினர்.

வடசென்னை மக்களின் குறை தனித்துக் கேட்டது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் ஆகிய பகுதிகளில் வாழ்வோருக்குக் கிளாம்பாக்கம் என்பது நகரத்தின் முழு நீளத்தையும் கடந்து செல்லும் பயணம். அக்குரல் வீணாகவில்லை. மாதவரம் முனையத்திலிருந்தும் தென்மாவட்டங்களுக்குச் சில பேருந்துகளை அரசு இயக்கியது. கோயம்பேட்டுக்கும் கிளாம்பாக்கத்துக்கும் இடையே நகரப் பேருந்துகள் கூட்டப்பட்டன. கேட்டவர்களுக்கு ஏதேனும் கிடைத்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

இரு தரப்பு நியாயம்

நடுநிலையோடு பார்த்தால், இடமாற்றத்தால் பயன் பெற்றவர்கள் பலர். சென்னை தெற்கு நோக்கி வளர்ந்த நகரம். குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி எனப் புறநகர்களில் நம் குடும்பங்களும் பெருமளவில் குடியேறியிருக்கின்றன. ஒவ்வொரு பகுதியிலும் பள்ளிவாசல்கள் எழுந்துள்ளன. கூடுவாஞ்சேரியில் வாழும் ஒருவர் திருநெல்வேலி செல்வதற்காக முன்னர் வடக்கே கோயம்பேடு வரை சென்று, மீண்டும் தன் வீட்டைக் கடந்தே தெற்கே செல்ல வேண்டியிருந்தது. அவருக்குக் கிளாம்பாக்கம் பெரும் நிம்மதி. நெரிசலில் புகைந்து நின்ற பேருந்துகள் நகரின் நடுப்பகுதியைவிட்டு விலகியது எல்லோருக்கும் நன்மை.

ஆனால் நகரின் நன்மையைக் கணக்கிடும்போது, அந்த நன்மைக்கான விலையை யார் செலுத்துகிறார் என்பதையும் கணக்கிட வேண்டும். சொந்த மகிழுந்து உள்ளவருக்கு 30 கிலோமீட்டர் என்பது முக்கால் மணி நேரம் அல்லது ஒரு மணி நேரம். கைப்பேசியில் வாடகை வண்டி அழைக்க வசதியுள்ளவருக்கு அது ஒரு தொகை. சிகிச்சைக்காகப் பொது மருத்துவமனைக்கு வரும் ஏழைத் தம்பதிக்கோ அது இரண்டு வண்டி மாற்றம், ஒரு நீண்ட காத்திருப்பு, ஒரு வேளை உணவுச் செலவு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கலாம். ஆனால் வெளியூர்ப் பேருந்துகள் வந்து சேரும் வைகறை வேளையில் அத்தகைய பேருந்து வாசலில் நின்றால்தான் அந்தச் சலுகைக்குப் பொருள் உண்டு. நோன்புக் காலத்தில் சஹர் நேரத்தில் வந்து இறங்குவோரின் நிலையும் அதுவே. தூரம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதைக் கடக்கும் பாடு ஒன்றல்ல.

வழிப்போக்கரின் உரிமை

ஸகாத் பெறத் தகுதியுள்ளவர்களாகத் திருக்குர்ஆன் குறிப்பிடும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர் என்பதை நாம் அறிவோம். ஊரில் செல்வராக இருப்பவரும் பயணத்தில் இயலாதவராகிவிடலாம் என்ற நுட்பமான புரிதல் அதில் இருக்கிறது. முஸ்லிம் சமூகங்களின் வரலாற்றில் இந்தப் புரிதல் கட்டடங்களாகவும் கிணறுகளாகவும் உருப்பெற்றது.

கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் ஹஜ் வழியை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1,000 கிலோமீட்டருக்கு மேல் பாலைவனத்தைக் கடக்கும் அந்தப் பாதை, கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதாவின் பெயரால் 'தர்ப் ஸுபைதா' என்று அழைக்கப்படுகிறது. கி.பி. 831-இல் மறைந்த அந்த அம்மையார் பாதையை முதன்முதலில் வகுத்தவர் அல்லர். அதில் பயணிகள் முன்பிருந்தே சென்றுகொண்டிருந்தார்கள். அவருடைய பெயர் நிலைத்ததற்குக் காரணம், வழியெங்கும் அவர் செலவிட்டு அமைத்த கிணறுகளும் நீர்த்தேக்கங்களும், மக்காவுக்குக் கொண்டுவந்த நீர்க்கால்வாயும். மக்கா என்னும் இலக்கு சிறப்புற்றிருந்தால் மட்டும் போதாது, இரண்டு தங்கல்களுக்கு இடையே நடப்பவருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதை அவர் கண்டார். ஒரு முனையத்துக்கும் அடுத்த முனையத்துக்கும் இடையே பயணி என்ன ஆவார் என்று யோசிப்பதும் அதே சிந்தனைதான்.

அந்த மரபு சென்னையிலும் உண்டு. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே முஸ்லிம் பயணிகளுக்கென அமைந்த சித்தீக் சராய் நம்மில் பலர் குடும்பங்களுக்குப் பழக்கமானது. அதே வட்டாரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் கட்டிய சத்திரமும் இருக்கிறது. அறம் செய்ய எண்ணிய அந்தப் பெருமக்கள் நகரின் அழகான மூலையைத் தேடிச் செல்லவில்லை. பயணி எங்கே இறங்குகிறாரோ அங்கேயே கட்டினார்கள். களைத்து வந்தவர் மேலும் அலையக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. இன்று பயணி இறங்கும் இடம் மாறிவிட்டது. அந்தக் கணக்கு மட்டும் அவரோடு சேர்ந்து இடம்பெயரவில்லை.

அடுத்த இடமாற்றத்துக்கு முன்

இந்த வரலாறு இங்கே முடியப் போவதில்லை. மேற்கு நோக்கிச் செல்லும் பேருந்துகளுக்காகத் திருமழிசையை அடுத்த குத்தம்பாக்கத்தில் முனையம் கட்டும் பணி மேற்கொள்ளப்பட்டது. பிராட்வேயின் பழைய நிலையத்தை இடித்துப் பெரிய வளாகமாகக் கட்டும் திட்டமும் உண்டு. நகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகிய மூன்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு பெறும் 'சென்னை ஒன்' 2025 செப்டம்பரில் அறிமுகமானது. சீட்டு ஒன்றானது நல்ல தொடக்கம். திட்டமிடுதலும் ஒன்றாக வேண்டும்.

ஒவ்வொரு முறையும் விவாதம் "மாற்றலாமா, கூடாதா?" என்ற கேள்வியிலேயே சுழன்று நின்றுவிடுகிறது. அந்தக் கேள்விக்கு அரசின் விடை முன்பே முடிவாகியிருக்கும். 2002-இலும் 2023-இலும் அதைத்தான் கண்டோம். ஆகவே, கேட்கும் கேள்வியை நாம் மாற்றிக்கொள்வது பயன் தரும். திறப்பு நாளில் ரயில் இணைப்பு இயங்குமா? இரவு 11 மணிக்கும் காலை 4 மணிக்கும் எத்தனை நகரப் பேருந்துகள், எந்தெந்தப் பகுதிகளுக்குப் புறப்படும்? பெரிய அரசு மருத்துவமனைகளுக்கு நேரடிப் பேருந்து உண்டா? இறங்கும் நடைமேடையிலிருந்து அடுத்த வண்டி வரை மூட்டையோடு ஒரு முதியவர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகே பழைய நிலையத்தின் கதவு மூடப்பட வேண்டும் என்று கேட்பது, வளர்ச்சிக்கு எதிரான குரல் ஆகாது.

ஜமாஅத்துகளும் ஊர் நலச் சங்கங்களும் இதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சென்னையில் இயங்கும் ஒவ்வோர் ஊர்ச் சங்கத்துக்கும் தன் ஊர் மக்கள் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தப் பகுதிக்கு வந்து சேர்கிறார்கள் என்பது தெரியும். பொதுவான மனக்குறையாக அதைச் சொல்லித் திரிவதைவிட, நேரமும் தடமும் எண்ணிக்கையும் குறித்த ஒரு மனுவாக எழுதி மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கும் கொடுக்கலாம். அண்டை வீட்டுச் சகோதர சமயத்தவரின் தேவையும் அதுவே என்பதால், அவர்களோடு சேர்ந்தே கொடுக்கலாம். மாதவரத்திலிருந்து தெற்கே பேருந்து கிடைத்தது வடசென்னை மக்கள் கேட்டதால்தான்.

பயண வசதியுள்ள குடும்பங்களுக்கு இன்னொரு பணியும் உண்டு. ஊரிலிருந்து மருத்துவத்துக்காக வரும் உறவினரை, பக்கத்து வீட்டாரை, அறிமுகமில்லாத ஊர்க்காரரை முனையத்திலிருந்து அழைத்துவர ஒரு முறை வண்டி எடுத்துச் செல்வது. ரயில் நிலையமும் மெட்ரோவும் வந்து சேரும் வரை வழிப்போக்கரின் உரிமையை நம்மால் இயன்ற அளவு நாமே நிறைவேற்ற வேண்டியிருக்கிறது.